‘டக்’ மட்டும் கேட்டால் செல்ஃப் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி இதுதான்: 2007 மாடல் டீசல் பிக்கப், 2.5 லிட்டர் என்ஜின். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், என்ஜின் அசைவதில்லை. நாலைந்து தடவை திருப்பிப் பார்த்தால் திடீரென்று ஒரு தடவை பிடித்துக்கொண்டு நன்றாகவே சுற்றி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பேட்டரி போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. மெக்கானிக் “செல்ஃப் போயிடுச்சு, மாத்திடலாம்” என்கிறார் (செல்ஃப் என்பது என்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்). மாற்றலாமா?

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ‘டக்’ சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். காய்கறி மார்க்கெட்டுக்கு ஓடும் பழைய பிக்கப்புகள்தான் என் கடைக்கு அதிகம் வரும். புது செல்ஃப் போட்டும் அதே ‘டக்’ சத்தத்தோடு திரும்பி வந்த வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். சாதாரண மீட்டர் போதும். பேட்டரியில் இருக்கும் 12 வோல்ட் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

சாவியைத் திருப்பியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மீட்டரை எங்கே வைத்தாலும் வெறும் எண்தான் தெரியும்.

செல்ஃப் மோட்டாரின் முதுகில் சின்ன டப்பா மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது சோலினாய்டு. அதில் மூன்று இணைப்புகள் உண்டு. பேட்டரியிலிருந்து விரல் தடிமனில் வரும் கேபிள் மாட்டியிருக்கும் பெரிய போல்ட் ஒன்று. பல மோட்டார்களில் அதன் பக்கத்தில் 30 என்று குத்தியிருக்கும். சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயர் மாட்டும் இடம் இரண்டாவது, அதன் எண் 50. மூன்றாவது, சோலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் தடித்த பட்டை மாட்டியிருக்கும் பெரிய போல்ட். இதை மோட்டார் போல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

சாவியைத் திருப்பினால் 50-க்குக் கரண்ட் வரும். சோலினாய்டுக்குள் இரண்டு காயில்கள் இருக்கின்றன. ஒன்று இழுக்கும் காயில், இன்னொன்று பிடித்து நிறுத்தும் காயில். இரண்டும் சேர்ந்து ஒரு இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும். அந்தத் தண்டின் ஒரு முனை ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ளி, பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தை, என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலின் விளிம்பில் இருக்கும் ரிங் கியரின் பல்லில் கோக்கும். மறுமுனையில் இருக்கும் செம்புத் தகடு போய் 30-ஐயும் மோட்டார் போல்ட்டையும் இணைக்கும். அப்போதுதான் பெரிய கரண்ட் மோட்டாருக்குள் பாய்கிறது. உங்களுக்குக் கேட்கும் ‘டக்’, இந்தத் தண்டு உள்ளே போய் முட்டும் சத்தம். ஆக, ‘டக்’ கேட்டால் சாவி வேலை செய்திருக்கிறது, சோலினாய்டு இழுத்திருக்கிறது. அதற்கு அப்புறம் ஏதோ நடக்கவில்லை. அவ்வளவுதான் அந்தச் சத்தம் சொல்லும் செய்தி.

நடக்காமல் போனதற்குக் காரணம் பல இருக்கலாம். செம்புத் தகடு கரிந்திருக்கலாம், மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்குக் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கேபிள் உள்ளுக்குள் அரித்திருக்கலாம், எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை, சரியில்லாமல் இருக்கலாம், பேட்டரியே சுமை தாங்காமல் இருக்கலாம். எல்லாமே வெளியே ‘டக்’ என்றுதான் கேட்கும்.

இங்கே கரண்டின் அளவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹெட்லைட் இரண்டும் எரிந்தால் சுமார் 10 ஆம்பியர் போகும். உங்கள் மாதிரி டீசல் என்ஜினைச் சுற்றும்போது செல்ஃப் 200 ஆம்பியருக்கு மேல் எடுக்கும், முதல் உதைப்பில் இன்னும் அதிகம். இந்தக் கணக்கில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. 0.01 ஓம் என்பது சாதாரண மீட்டரில் தெரியவே தெரியாத அளவு. ஆனால் 250 ஆம்பியர் ஓடும் பாதையில் அந்த 0.01 ஓம் இருந்தால் 2.5 வோல்ட் அங்கேயே தொலையும். தொலைவது சூடாக மாறும், 2.5 வோல்ட்டை 250 ஆல் பெருக்கினால் 625 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு ஒரே ஒரு கிளாம்ப்பில்! “ஹார்ன் அடிக்குது, லைட் எரியுது, அப்ப பேட்டரி கனெக்‌ஷன் நல்லாத்தான் இருக்கு” என்ற வாதம் எடுபடாமல் போவது இதனால்தான். லைட்டுக்குப் போதுமான தொடர்பு செல்ஃபுக்குப் போதாது.

சரி, அளக்கப் போவோம். அதற்கு முன் பாதுகாப்பு. வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கையில் மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள்; பேட்டரி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் விரல் போய்விடும். அளக்கும்போது என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது. பழைய டீசலில் ஸ்டாப் கேபிள் இருந்தால் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் பம்ப்பில் இருக்கும் ஸ்டாப் சோலினாய்டின் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். சாவியைத் திருப்ப ஒரு ஆள் வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிஷமாவது விடுங்கள். இன்னொன்று, மீட்டரை ஆம்பியரில் வைத்து செல்ஃப் கரண்டை அளக்கப் போகாதீர்கள். அதன் ஃபியூஸ் தாங்குவது பெரும்பாலும் 10 ஆம்பியர். நமக்கு வேண்டியது டிசி வோல்ட் மட்டும்தான்.

முதலில் பேட்டரி. இரவெல்லாம் நின்ற வண்டியில், எதையும் போடாமல், பேட்டரியின் இரண்டு ஈயத் தண்டுகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6-க்குப் பக்கத்தில் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் பரவாயில்லை. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும். புது பேட்டரி என்பதால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். டைனமோ சரியாக ஏற்றவில்லை என்றால் புது பேட்டரியும் இரண்டு மாதத்தில் பட்டினி கிடக்கும். என்ஜின் ஓடும்போது அதே இடத்தில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும்.

இப்போது சாவியைத் திருப்பச் சொல்லி அதே இரண்டு தண்டுகளில் பாருங்கள். என்ஜின் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் பேட்டரி நல்லது. 9.6-க்குக் கீழே போனால் ஒன்று பேட்டரி நோஞ்சான், இல்லையென்றால் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. உங்கள் வண்டியில் ‘டக்’ என்று மட்டும் கேட்கும் நேரத்தில்தான் இந்த எண் முக்கியம். அப்போது மீட்டர் 12.3, 12.4 என்று அசையாமல் நின்றால் பெரிய கரண்ட் ஓடவே இல்லை என்று அர்த்தம். பாதை எங்கோ துண்டாகியிருக்கிறது. மீட்டர் 8, 7 என்று சரிந்தால் கரண்ட் ஓடுகிறது, ஆனால் பேட்டரியால் தாங்க முடியவில்லை. மீட்டர் இல்லாத ராத்திரியில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் குறையாமல் ‘டக்’ என்றால் முதல் வகை, வெளிச்சம் அணையப் போகிற விளக்கு மாதிரி மங்கினால் இரண்டாவது வகை. ‘கடகடகட’ என்று தொடர்ந்து அடித்தால் அநேகமாகப் பேட்டரிதான். தகடு தொட்டதும் வோல்ட் சரிகிறது, பிடிக்கும் காயிலுக்கு வலு போதாமல் தண்டு பின்னால் வருகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்தச் சுற்றுதான் ‘கடகட’.

அடுத்து கேபிள்கள். பெரும்பாலான கடைகளில் செய்யாமல் விடுவது இதைத்தான். ஒயரைக் கண்ணால் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று விட்டுவிடுவார்கள். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தண்டில் வையுங்கள், கிளாம்ப்பின் மேல் அல்ல. கறுப்பு முனை செல்ஃபின் 30 போல்ட்டில். சாவியைத் திருப்பும்போது மீட்டர் காட்டுவது அந்தப் பாதையில் தொலையும் வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அப்புறம் நெகட்டிவ் பக்கம்: ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் தண்டில், இன்னொன்று செல்ஃபின் பாடியில், பெயின்ட் இல்லாத சுத்தமான இரும்பில். இங்கே 0.3-க்கு மேல் போகக் கூடாது. ஆனால் ஒன்று, கரண்ட் ஓடினால்தான் வோல்ட் தொலையும். ‘டக்’ என்று மட்டும் கேட்டு ஒன்றும் ஓடாத நேரத்தில் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டினால் “கேபிள் நல்லது” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிடித்துச் சுற்றும் ஒரு தடவையில் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

எர்த் பக்கத்தை ஏன் தனியாக அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு தக்காளி வண்டி. விடிகாலை மூன்று மணிக்கு மார்க்கெட் வாசலில் ‘டக்’ என்று நின்றுவிட்டது. ஓட்டுநர் ஏற்கெனவே புது பேட்டரி போட்டிருந்தார், செல்ஃபையும் பிரித்துப் பிரஷ் மாற்றியிருந்தார். “இனி என்னண்ணே பண்றது, வண்டியையே வித்துடவா?” என்று கேட்டார். ஏழெட்டுப் பேர் தள்ளி ஸ்டார்ட் செய்து கடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் அளந்தபோது பேட்டரித் தண்டுகளில் 10.9, பாசிட்டிவ் கேபிளில் 0.4 தொலைகிறது. நல்லது. நெகட்டிவ் தண்டுக்கும் செல்ஃப் பாடிக்கும் நடுவில் 3.7! ஆக 10.9-இல் 4.1 வழியிலேயே போய், மோட்டாருக்குக் கிடைத்தது 6.8 வோல்ட். அதை வைத்துக்கொண்டு டீசல் என்ஜினை எங்கே சுற்றுவது? ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய எர்த் பட்டை, கிளட்ச் வேலையின்போது கழற்றி, புதுசாகப் பெயின்ட் அடித்த இடத்தின் மேல் அப்படியே முடுக்கப்பட்டிருந்தது. வழி கிடைக்காத கரண்ட், ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த கம்பியில் எல்லாம் புகுந்து போய்க்கொண்டிருந்தது. போல்ட்டைக் கழற்றி, உப்புக் காகிதத்தால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மாட்டியதும் 0.2-க்கு வந்துவிட்டது. வேலை இருபது நிமிஷம்.

உங்கள் வண்டியில் கிளட்ச், கியர்பாக்ஸ், என்ஜின் மவுண்ட் வேலை எதுவும் சமீபத்தில் நடந்திருந்தால் நேராக அந்த எர்த் பட்டையைப் போய்ப் பாருங்கள். மீட்டர் இல்லாவிட்டாலும் ஒரு ஜம்பர் கேபிளைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக என்ஜின் பிளாக்கின் ஒரு போல்ட்டுக்குப் பிடித்துவிட்டு சாவியைத் திருப்பினால் தெரிந்துவிடும். நன்றாகச் சுற்றினால் குற்றவாளி எர்த்.

கிளாம்ப் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, கழற்றி, உள்பக்கத்தைச் சுரண்டுங்கள். பூக்காமல் பளபளவென்று இருக்கும் கிளாம்ப்பும் ஏமாற்றும். ஈயத் தண்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் கறுப்பாக ஒரு படலம் பிடித்திருக்கும், வெளியே தெரியாது. கேபிள் நுனியில் போல்ட்டில் மாட்டும் வளையமான லக் இருக்கும் இடத்தில் ரப்பரை லேசாக அமுக்கிப் பாருங்கள். உள்ளே மொறுமொறுவென்று நெறிந்தால் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பாகிவிட்டது, கேபிளையே மாற்ற வேண்டும். கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

கேபிள் இரண்டு பக்கமும் சுத்தம் என்றால் இப்போது செல்ஃபைச் சந்தேகப்படலாம். அதிலும் எந்தப் பகுதி என்று கழற்றாமலேயே பிரிக்கலாம். மீட்டரை 30 போல்ட்டுக்கும் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவே வையுங்கள். சாவியைத் திருப்பாதபோது 12 வோல்ட் சொச்சம் காட்டும், பயப்பட வேண்டாம். திருப்பியதும் செம்புத் தகடு இரண்டையும் இணைப்பதால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வர வேண்டும். ‘டக்’ கேட்ட பிறகும் 12 அப்படியே நின்றால் தகடு தொடவில்லை, சோலினாய்டு கரிந்துவிட்டது. உங்கள் வண்டியின் குணத்தைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அந்தச் செம்பில் சின்னதாக ஒரு பொறி தெறிக்கும். பல வருஷத்தில் முகம் அரித்துப் பள்ளமாகி, கரி படிந்துவிடும். தண்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திரும்பி வேறு இடத்தில் தட்டுவதால், நாலு தடவை தப்பினாலும் ஐந்தாவது தடவை நல்ல இடம் கிடைத்து முழு வேகத்தில் சுற்றும். இப்படித் தகடு தொடாத நேரத்தில் சாவியைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். இழுக்கும் காயில் ஒரு நொடிக்கு மட்டும் வேலை செய்வதற்காகச் சுற்றப்பட்டது. தகடு தொட்டால்தான் அதற்குள் கரண்ட் நிற்கும், தொடாவிட்டால் அது சூடாகிக்கொண்டே போய்க் கருகும்.

மீட்டர் பூஜ்யத்துக்கு வருகிறது, மோட்டார் போல்ட்டுக்கும் பாடிக்கும் நடுவில் 12 வோல்ட் நிற்கிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் அது மோட்டாருக்குள் இருக்கும் குறை. அநேகமாகக் கார்பன் பிரஷ். செல்ஃபின் உடம்பில் சுத்தியல் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் சில நேரம் பிடிக்கும் என்பார்கள். உண்மைதான், ஸ்பிரிங்கில் மாட்டிக்கொண்ட பிரஷ் கொஞ்சம் நகர்ந்து தொடும். வீடு போய்ச் சேர அது உதவும். ஆனால் ஃபீல்டு காயிலுக்குப் பதில் காந்தம் ஒட்டிய மோட்டார்களும் உண்டு. அதில் ஓங்கித் தட்டினால் காந்தம் உடைந்து, சின்னச் செலவு பெரிய செலவாகும்.

இங்கே ஒரு நுணுக்கம். இழுக்கும் காயிலின் எர்த், மோட்டாருக்குள் இருக்கும் பிரஷ் வழியாகத்தான் போகிறது. அதனால் பிரஷ் முழுக்கத் தேய்ந்து தொடாமல் போனால் ‘டக்’ கூட வராமல் வண்டி ஊமையாகிவிடும். அப்போது எல்லோரும் இக்னிஷன் சுவிட்சைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ‘டக்’ இல்லாத வண்டியில் 50-இல் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பாருங்கள். சாவி திருப்பும்போது பளிச்சென்று எரிந்தும் சத்தம் இல்லை என்றால் குறை செல்ஃபில்தான். லேம்ப் எரியவில்லை என்றால் சாவி, ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைத்துவிடும் சுவிட்ச்), ஃபியூஸ், நடுவில் இருக்கும் ஒயர் பக்கம் போங்கள்.

டெஸ்ட் லேம்ப் எரிகிறது என்பதும் முழுச் சான்று இல்லை. பழைய வண்டிகளில் ரிலே இல்லாமல் சாவி சுவிட்ச் வழியாகவே சோலினாய்டுக்குக் கரண்ட் போகும் அமைப்பு உண்டு. இழுக்கும் நொடியில் 30 ஆம்பியருக்கு மேல் அந்தச் சின்ன சுவிட்ச் தாங்க வேண்டும். வருஷக்கணக்கில் உள்ளே கரிந்து, 12.5 கிளம்பி 50-க்கு 9 வந்து சேரும். மீட்டரைப் பேட்டரி பாசிட்டிவுக்கும் 50-க்கும் நடுவே வைத்துச் சாவியைத் திருப்புங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் செல்ஃபை விட்டுவிட்டு ஒரு ரிலே போடுங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த ஒயர் ரிலேக்கு, அங்கிருந்து 50-க்கு. பழைய சாவி ஒயர் ரிலேயை இழுக்கும் வேலையை மட்டும் பார்க்கட்டும். நான் செய்யும் வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். செலவு குறைவு, வண்டிக்காரர் அடுத்த வருஷமும் ஞாபகம் வைத்துச் சொல்வார்.

காலையில் ஒழுங்காக எடுத்து, ஓட்டிவிட்டு டீக்கடையில் பத்து நிமிஷம் நிறுத்தினால் மட்டும் எடுக்காத வண்டிகளும் இந்த வகையில் சேரும். செம்பு சூடாக ஆக அதன் தடை கூடும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம். 30 டிகிரியில் இருந்த சோலினாய்டு, சைலன்சர் பைப்பின் பக்கத்தில் நின்று 90-க்குப் போனால் தடை கிட்டத்தட்ட கால்வாசி ஏறிவிடும். ஏற்கெனவே வோல்ட் குறைந்து வரும் காயிலுக்கு அந்தக் கால்வாசி போதும், இழுக்க வலு இருக்காது. நீங்கள் சொல்வது காலையில் என்பதால் இது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஸ்க்ரூடிரைவரை 30-க்கும் 50-க்கும் குறுக்கே வைத்து ஷார்ட் அடிக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. சுற்றினால் செல்ஃப் நல்லது, சாவிப் பக்கம்தான் குறை என்பதற்கு அது ஒரு சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கியரில் இருக்கிறதா என்று பார்க்காமல் செய்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும். செய்துதான் ஆக வேண்டும் என்றால் 50-இல் இருக்கும் ஒயரைக் கழற்றி, அங்கே நீளமான ஒயர் ஒன்றை மாட்டி, தள்ளி நின்று அதன் மறுமுனையைப் பேட்டரி பாசிட்டிவில் தொடுங்கள். 30-ஐயும் மோட்டார் போல்ட்டையும் சேர்த்து ஷார்ட் அடிப்பது இன்னும் மோசம். பினியன் கோக்காமல் மோட்டார் மட்டும் காற்றில் சுற்றும், ஸ்பேனர் போல்ட்டோடு வெல்டிங் ஆகிவிடும்.

மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றி என்ஜின் அசையாமல் இருந்தால் அது வேறு நோய். பினியனோடு சேர்ந்த ஒருவழி கிளட்ச், நம் ஊரில் பெண்டிக்ஸ் என்போமே, அது வழுக்குகிறது. கரகரவென்று பல் அரையும் சத்தம் வந்தால் பினியனையும் ரிங் கியரையும் பார்க்க வேண்டும். நாலு சிலிண்டர் என்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றில்தான் வந்து நிற்கும். கம்ப்ரெஷன் தள்ளி நிறுத்துவதால் அப்படி. அதனால் ரிங் கியரில் அந்த இரண்டு இடத்துப் பல் மட்டும் மொட்டையாகும். சாவியை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை ஒரு அடி தள்ளிய பின் எடுத்தால் அதுதான் காரணம். அப்போது செல்ஃபை மட்டும் மாற்றிப் பயனில்லை, கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். சோம்பலாகச் சுற்றி, கரண்ட் மட்டும் தாறுமாறாக இழுத்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் உள்பக்கம் உரசுகிறது. பிரித்ததும் ஆர்மேச்சரின் மேல் பளபளவென்று உரசிய தடம் தெரியும்.

என்ஜின் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் செல்ஃபைத் திட்டாதீர்கள். டீசல் வரவில்லை, ஹீட்டர் பிளக் எரியவில்லை, காற்றுப் பிடித்துவிட்டது என்று அது வேறு கதை.

இத்தனையும் பார்த்து, செல்ஃப்தான் என்று உறுதியானால் புதுசு வாங்குவதா, பிரித்துப் பார்ப்பதா? என் அபிப்பிராயம்: ஒரிஜினல் மோட்டார் கையில் இருக்கும்வரை அதைப் பிரித்துப் பார்ப்பதே மேல். 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் மோட்டார்கள் சென்னை பாடி தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருக்கும் ஊர் இது. பழைய வண்டிகளுக்குப் பிரஷ், புஷ், சோலினாய்டு, பெண்டிக்ஸ் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். ஆர்மேச்சர் எரியாமல் இருந்தால் பிரஷ் செட், புஷ், சோலினாய்டு மூன்றும் மாற்றி, பிரஷ் உரசும் செம்புப் பட்டைகள் கொண்ட கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகக் கடைந்து, பட்டைகளுக்கு நடுவே கரண்டைத் தடுக்கும் மைக்காவைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டால் மோட்டார் பல வருஷம் ஓடும். பெயர் தெரியாத மலிவு மோட்டாரைப் புதுசு என்று மாட்டுவதைவிட இது நல்லது. ஆர்மேச்சர் எரிந்து வார்னிஷ் கருகிய வாடை அடித்தால், ரீவைண்டிங்குக்குக் கொடுத்துக் காத்திருப்பதா, புதுசா என்பது உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது. தினமும் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி என்றால் நான் காத்திருக்க மாட்டேன்.

பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பிரஷ் ஸ்பிரிங்கின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட பிரஷ் இருந்தும் சூட்டில் தளர்ந்த ஸ்பிரிங்கால் தொடாமல் போவது உண்டு. சோலினாய்டை மட்டும் மாற்றினால், மாட்டும் முன் 30-ஐயும் மோட்டார் போல்ட்டையும் இறுக்கும்போது நட்டோடு சேர்ந்து போல்ட் திரும்பாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்பினால் உள்ளே இருக்கும் தொடர்பு கோணலாகி, புது சோலினாய்டும் அடுத்த வாரமே ‘டக்’ என்று மட்டும் சொல்லும். செல்ஃப் உட்காரும் முகத்தில், கிளட்ச் ஹவுசிங் பக்கமும், துருவும் பெயின்ட்டும் இல்லாமல் தேய்த்துவிட்டு மாட்டட்டும். மோட்டாருக்கு எர்த் கிடைப்பது அந்த முகம் வழியாகத்தான்.

நாளைக் காலை ‘டக்’ என்று மட்டும் கேட்கும் நேரத்தில் நாலு எண்களை எழுதி வையுங்கள்: பேட்டரித் தண்டுகளில் எவ்வளவு, பாசிட்டிவ் தண்டுக்கும் 30-க்கும் நடுவே எவ்வளவு, நெகட்டிவ் தண்டுக்கும் செல்ஃப் பாடிக்கும் நடுவே எவ்வளவு, 30-க்கும் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவே எவ்வளவு. பிடித்துச் சுற்றும் தடவையில் இதே நாலையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை இங்கே போட்டால் எதைக் கழற்றுவது என்று சொல்லிவிடுகிறேன். அதுவரை மெக்கானிக்கிடம் செல்ஃபுக்கு ஆர்டர் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள், ராத்திரியில் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்துங்கள்.